ஒன்பதாம் அத்தியாயத்தில் பீன்ஸ்

பெல்டனில் கடவுளைக் குறை சொல்லலாம், ஜனாதிபதியைக் கிழிக்கலாம், பாதிரியார் பிரசங்கத்தில் குறட்டை விடலாம். லவினியா க்ரோவெலை மட்டும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. செத்து நூறு வருஷமான அந்த எழுத்தாளருக்கு ஆற்றங்கரையில் வெண்கலச் சிலை இருக்கிறது. பெட்ரோல் பங்க் அவர் பெயரில், முடிவெட்டும் கடை அவர் பெயரில். காகித மில்லுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் ப்ளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'லவினியா பை' என்று ஒரு பலகாரம் விற்கிறார்கள். அந்த அம்மாள் ஆயுசில் அடுப்பைத் தொட்டதாக யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் எழுதிய 'கல்பாலத்துக் கடிகாரம்' நாவல் ஊரில் எல்லார் வீட்டு அலமாரியிலும் உண்டு. எல்லாமே புத்தம் புதுசு. பிரித்தால் புத்தகத்தின் முதுகில் படக்கென்று சத்தம் வரும்.

அதற்காகத் தன் நாவலே தெரியாத ஊர் என்று சொல்லிவிட முடியாது. மார்ச் மாதம் பனி இளகத் தொடங்கும்போது ஒரு சனிக்கிழமை, நூலகத்தில் முழு நாவலையும் வாய்விட்டுப் படிப்பார்கள். பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு அத்தியாயம். எட்டாவது அத்தியாயம் நடக்கும்போதே கீழ்த்தளத்திலிருந்து வாசனை ஏறிவரும். கரும்புப்பாகும் பன்றிக்கொழுப்பும் போட்டு முந்தின நாளிலிருந்து வெந்துகொண்டிருக்கும் பீன்ஸ். எட்டு முடிந்ததும் எல்லோரும் கீழே இறங்கி, வயிறு முட்டச் சாப்பிட்டு, மேலே வந்து பத்தாவதை ஆரம்பிப்பார்கள். ஒன்பதாவது எங்கே என்று எவரும் கேட்டதில்லை. அது பீன்ஸோடு சேர்ந்து உள்ளே போயிருக்கும் என்று நினைப்பு.

ஜோசெட் மிஷோவும் இந்த ஊரில்தான் பிறந்தாள், இந்த பீன்ஸைத்தான் தின்று வளர்ந்தாள். அவள் அப்பா ஆர்மன் மில்லில் காகித உருளைகளை வண்டியில் ஏற்றுகிறவர். மிஷோ குடும்பத்தில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். படித்த ஒரே தப்புக்காக ஊருக்கே திரும்பி வந்து, உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தாள். பாடம் நடத்துவதற்காக நாவலை வரி வரியாகப் படிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பார்த்தாள். பார்த்ததும் காது சூடேறியது.

அந்த அத்தியாயத்தில் ஊர்க்கூட்டம் நடக்கிறது. ஆக்னஸ் என்ற மில் பெண், மணிக்கூண்டுக் கடிகாரம் சாயங்காலத்தில் மட்டும் மெதுவாக ஓடுகிறது, நம்மிடம் கூடுதல் வேலை வாங்குகிறார்கள் என்று சொல்லிவிடுகிறாள். யாரும் போய்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மளிகைக் கடைக்காரரும் சர்ச்சில் உதவி ஊழியருமான டீக்கன் எழுந்து அழகாக ஒரு பேச்சுப் பேசுகிறார். அதில் கடிகாரத்தைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. ஆக்னஸின் அப்பன் குடிகாரன், அவர்கள் கனடாவிலிருந்து வந்தவர்கள், அவள் வந்த வருஷம்தான் ஆறு சீக்கிரம் உறைந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கு. ஊர் கைதட்டுகிறது. ஆக்னஸ் மூட்டையைக் கட்டுகிறாள்.

போலி நியாயங்களைப் பற்றி நடத்த இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் டீக்கனின் பேச்சைக் கொடுத்து, இதில் எங்கெங்கே ஏமாற்றுகிறார் என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். பிள்ளைகள் பாடப்புத்தகத்துப் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாங்களே பெயர் வைத்தார்கள். பேச்சை விட்டு ஆளை அடிப்பதற்கு 'அப்பன் குடிகாரன்'. இன்று இதை விட்டால் நாளை அது போகும் என்று பயம் காட்டுவதற்கு 'சூரியன் வரைக்கும்'. எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்து வெளுப்பதற்கு 'சோளக்கொல்லை பொம்மை'.

ஜோசெட் இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஜாதி அவள் இல்லை. உள்ளூர் வாரப் பத்திரிகை 'பெல்டன் கூரியர்' இதழ் ஒன்றைக் கொண்டுவந்து, இதிலும் தேடுங்கள் என்றாள். பத்திரிகை பொய் சொல்வது அபூர்வம், அதற்குப் பொய்யே தேவையில்லை, யாருடைய படத்தைப் பெரிசாகப் போடுகிறான், யார் சொன்னதைக் கடைசி வரியில் வைக்கிறான், எதை விட்டுவிடுகிறான் என்று பாருங்கள் என்று வகுப்பில் சொன்னாள். விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய பொய் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டாள்.

முன் பெஞ்சு டார்சி கோம்ப்ஸ் சிரிக்காமல் வேலை செய்கிற பெண். டீக்கனின் பேச்சையும் கூரியரின் தலையங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சிவப்பு மையால் வட்டம் போட்டு, நூலகப் பலகையில் மாட்டினாள். டீக்கன் பக்கத்தை விடக் கூரியர் பக்கம் அதிகமாகச் சிவந்திருந்தது.

கூரியரின் ஆசிரியர் வெண்டல் ஸ்ப்ரேக். நூலகக் குழுத் தலைவரும் அவரே. வருஷா வருஷம் எட்டாம் அத்தியாயத்தைக் கணீரென்று படித்துவிட்டு முதல் ஆளாகத் தட்டைத் தூக்குகிறவரும் அவரே. பலகையில் தன் பேப்பர் பக்கத்தை மட்டும் பார்த்தார். அடுத்த வாரம் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: 'நம் காவியத்தில் பிழை தேடச் சொல்லும் ஆசிரியை.' கீழே ஜோசெட்டின் படம், கூடைப்பந்து ஆட்டத்தில் நடுவரைத் திட்டும்போது வாய் திறந்தபடி எடுத்தது. அவளிடம் கேட்டபோது பதில் கிடைக்கவில்லை என்று இருந்தது. அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டிருந்தார்கள். செய்தியில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பிழை தேடச் சொன்னது உண்மை. யாருடைய பிழை என்பதற்கு மட்டும் இடம் பற்றவில்லை.

பள்ளி வாரியம் கூடியது. ஜோசெட்டுக்கு இன்னும் தகுதிகாண் காலம் முடியவில்லை. வாரியம் கை தூக்கினால்தான் அடுத்த வருஷம் வேலை.

முந்தின நாள் அப்பா அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பேசிப் பழக்கமில்லாத மனுஷன்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிரு ஜோசி. வாய்தானே, தேஞ்சா போயிரும்?"

"நான் என்ன தப்புப் பண்ணேன்னு மன்னிப்பு கேக்கணும்பா?"

"தப்புப் பண்ணினவன்தான் மன்னிப்புக் கேக்கணும்னா, நான் மில்லுல ஒரு வாரம் தாண்டியிருக்க மாட்டேன்."

அப்படியும் காரமாக ஒரு பேச்சை எழுதி எடுத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனாள்.

பள்ளி உணவறையில் கூட்டம். உட்கார இடமில்லை. வாரியத் தலைவி ஆல்மா டூலி ஒவ்வொருவராகப் பேச அழைத்தார். ஒருவர், இந்தப் பெண்ணின் குடும்பம் கனடாவிலிருந்து பிழைக்க வந்தது, அதை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்றார். ஒருவர், இவள் அப்பா ஒரு காலத்தில் குடித்துவிட்டுப் பனியில் விழுந்து கிடந்ததை நினைவுபடுத்தினார். ஆர்மன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே தரையைப் பார்த்தார். இன்னொருவர், இவள் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நம் பிள்ளைகள் கூடைப்பந்தில் தோற்க ஆரம்பித்தார்கள் என்று எடுத்துக் காட்டினார். கடைசியாக ஸ்ப்ரேக் எழுந்தார். இன்று நாவலில் பிழை பார்ப்பார்கள், நாளை பைபிளில் பார்ப்பார்கள் என்றார்.

ஜோசெட்டுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. டீக்கன் செத்துப் போகவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுதி வந்த பேச்சை மடித்துப் பைக்குள் போட்டாள். பள்ளிக்கூடத்து நாவலை மடியில் வைத்து, தலையை நிமிர்த்தாமல், டீக்கனின் பேச்சைப் படித்தாள். குடிகார அப்பனையும் கனடாவையும் உறைந்த ஆற்றுக்குப் பதில் கூடைப்பந்தையும் அவளுக்கு முன்னால் பேசியவர்கள் பேசி முடித்துவிட்டதால் அவற்றைத் தாண்டி மிச்சத்தைப் படித்தாள். இரண்டு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், ஊருடைய சொந்த நாவல் அல்லவா, வெட்கப்பட்டுப் போவார்கள் என்று கணக்குப் போட்டாள். படித்த பெண்ணின் கணக்கு.

"கடிகாரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த ஊரைத் தெரியும். இந்த ஊர் எனக்கு ரொட்டி கொடுத்தது. ரொட்டி கொடுத்த கையைப் பிடித்து மணி என்னவென்று கேட்பது நன்றியுள்ளவர் செய்கிற காரியமா? நம் பாட்டன்மார் இந்த மணிக்குத்தான் எழுந்தார்கள், இந்த மணிக்குத்தான் உறங்கினார்கள். அவர்களில் யாரும் தாமதமாகச் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்று கடிகாரத்தைச் சந்தேகிப்போம், நாளை சூரியனைச் சந்தேகிப்போம். ஊர் முழுக்கத் தவறு, ஒருத்தி மட்டும் சரி என்றால், கோளாறு ஊரில் இல்லை. அந்த ஒருத்தி தலை குனியட்டும். ஊருக்கு மன்னிக்கத் தெரியும்."

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அப்புறம் கைதட்டல் கிளம்பியது. முதலில் ஒரு மூலை, பிறகு மொத்த அறையும். கூடைப்பந்துக்காரர் எழுந்து நின்று தட்டினார். ஆல்மா டூலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கடிகாரத்தை உவமையாக வைத்து இவ்வளவு அடக்கமாக ஒரு இளம்பெண் பேசி இந்த வாரியம் கேட்டதில்லை என்றார். எதிர்ப்பே இல்லாமல் கை தூக்கினார்கள். வேலை நிரந்தரம்.

ஜோசெட் வாய் திறந்தாள். இது உங்கள் டீக்கன் பேசியது, மடையர்களே என்று சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் அப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டிப்பிடித்துவிட்டார். மில் வாசனை அடிக்கும் அந்தக் கோட்டுக்குள் அவள் முகம் புதைந்தது. மனுஷன் அழுதுகொண்டிருந்தார். அவரைக் குடிகாரன் என்று சொன்னவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

'தலை வணங்கினார் ஆசிரியை' என்று கூரியர் எழுதியது. பேச்சு முழுவதையும் கட்டம் கட்டிப் போட்டது. இந்தத் தடவை படம் நல்ல படம்.

வகுப்பில் பிள்ளைகள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஊரிலேயே ஒன்பதாம் அத்தியாயம் படித்தவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். டார்சி கூரியரை விரித்துப் பிடித்து எழுந்தாள்.

"மிஸ், இதுல ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியல. நீங்க தலை குனிஞ்சீங்க, பேசினீங்க, அவங்க தட்டினாங்க. எல்லாம் உண்மை. ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

"உக்காரு டார்சி."

"யார் விட்டாங்கன்னு மட்டும் சொல்லிருங்க மிஸ். பேப்பர்காரங்களா, நீங்களா? வட்டம் யாரு மேல போடணும்னு தெரியணும்ல."

பின்பெஞ்சில் ஒருவன் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். கரும்பலகையில் அவள் எழுதிப்போட்ட வரி இன்னும் அழியாமல் இருந்தது. அவளே அழித்தாள். அழித்த பிறகும் சாக்பீஸ் தடம் தெரிந்தது.

இரண்டு வாரம் அவளுக்கு எல்லாம் இலவசம். சாப்பாட்டுக் கடையில் லவினியா பையை எதிரே வைத்து, காசு வேண்டாம் என்றார்கள். தபால்காரர் நின்று பேசினார். ஸ்ப்ரேக் தானே பள்ளிக்கு வந்து, மார்ச் வாசிப்பில் ஒரு அத்தியாயம் நீயே படி, உனக்கு எது பிடிக்குமோ எடுத்துக்கொள் என்றார். மன்னித்த ஊரின் பெருந்தன்மை அவர் முகத்தில் எண்ணெயாக மின்னியது.

"ஒம்பது," என்றாள் ஜோசெட்.

ஸ்ப்ரேக் சிரித்தார். "ஒம்பதுல பீன்ஸும்மா."

"தெரியும் சார். பீன்ஸ் ஆறிப்போகாம நான் கீழயே வந்து படிக்கிறேன். நீங்க சாப்பிடுங்க."

அவர் அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தாள். சொல்லப் போனால் அவர் ஏதாவது வேலையில் இருந்தார். உண்மையில் அவர் வேலையில் இல்லை, இவளுக்குத்தான் தைரியம் இல்லை. வாசிப்பு நாளன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, நூலகக் கீழ்த்தளத்தில் தலைவர்கள் மேஜைக்குப் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தார். மிஷோக்கள் அந்த மேஜைப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஜோசெட் பீன்ஸ் பானைகளுக்கு அருகில் நின்று ஒன்பதாம் அத்தியாயத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தாள். ஊர் மென்றது. ஆக்னஸ் எழுந்து கடிகாரத்தைப் பற்றிச் சொன்னபோது யாரோ பழுப்பு ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்கள். டீக்கன் எழுந்தார். குடிகார அப்பன் வந்தான். கனடா வந்தது. கரண்டிகள் மெதுவாயின. 'இந்த ஊர் எனக்கு ரொட்டி கொடுத்தது' என்ற இடத்தில் கரண்டிச் சத்தமே நின்றது.

"இது இந்தப் பொண்ணு அன்னைக்குப் பேசினதுல்ல?" என்றார் கூடைப்பந்துக்காரர்.

ஜோசெட் நிறுத்தாமல் படித்தாள். ஊர் கைதட்டியது என்ற வரியையும் படித்தாள். ஆக்னஸ் மூட்டை கட்டியதையும் படித்தாள். புத்தகத்தை மூடினாள். இப்போது புரிந்திருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஸ்ப்ரேக் எழுந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. வெட்கத்தினால்தான் என்று ஒரு கணம் அவள் நம்பினாள்.

"திருட்டு," என்றார் ஸ்ப்ரேக். "எங்க லவினியா எழுதினதைத் திருடி, உன் சொந்தச் சரக்கு மாதிரி எங்க காதுலயே ஓதியிருக்க. அதுக்கு நாங்க கைதட்டியிருக்கோம்."

"அது டீக்கன் பேச்சு சார். அவன் அயோக்கியன்னு காட்டத்தான் அந்தம்மா எழுதினாங்க. நீங்க தட்டினது அவனுக்கு."

"பேச்சை மாத்தாத. எடுத்தியா இல்லியா?"

எடுத்தாள்தான். அதில் சந்தேகம் இல்லை. ஒரு ஆசிரியை, பிள்ளைகள் பார்த்து எழுதினால் பூஜ்ஜியம் போடுகிறவள், அடுத்தவர் எழுத்தைத் தன் மன்னிப்பாகக் காட்டி வேலை வாங்கிவிட்டாள். ஊர் அதிர்ந்தது. டீக்கன் என்ன சொன்னார், எதற்குச் சொன்னார் என்பதெல்லாம் மறுபடியும் பீன்ஸுக்கு அடியில் போனது. வாரியம் மறுபடி கூடி, தவறான எண்ணத்தில் தூக்கிய கைகளை இறக்கிக்கொண்டது. இந்த முறை யாரும் கனடாவை இழுக்கவில்லை, அப்பனை இழுக்கவில்லை. இழுக்கத் தேவையில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்களிடம் ஒரு நியாயமான குற்றச்சாட்டு இருந்தது. ஜோசெட் அதைத்தான் தாங்க முடியாமல் நினைத்து நினைத்துப் பார்த்தாள். பேச அழைத்தபோது, அன்றைக்கே சொல்லாமல் விட்டது என் தப்பு, மற்றதில் தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

திருட்டை ஊருக்கு நிரூபிக்க வேண்டுமே. நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. ஸ்ப்ரேக் கூரியரில் நடுப்பக்கம் முழுக்க ஒன்பதாம் அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் அச்சடித்தார். பக்கத்திலேயே அவள் பேச்சு. களவு போன வரிகளைச் சிவப்பில் போட்டிருந்தார். டார்சி அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய பலகை கிடைத்திருந்தால் நானும் இப்படித்தான் மாட்டியிருப்பேன் என்றாள். அந்த இதழ் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது.

ஜோசெட் வகுப்பறையைக் காலி செய்து, பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது, அப்பா சமையலறை மேஜையில் கூரியரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசிப்பு நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. விரலை வரிக்கு அடியில் நகர்த்தி, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் நின்ற இடம் சிவப்பு வரி இல்லை. அதற்கு முன்னால், ஆக்னஸ் பேசுகிற இடம்.

பெட்டியைக் கீழே வைத்தாள். வேறு ஊரில் பள்ளிக்கூடம் இல்லாமலா போகும் என்று ஏதோ ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜோசி, அந்தக் கடிகாரம். நெசமாவே மெதுவாத்தான் ஓடுச்சா? கடைசி வரைக்கும் யாரும் போய்ப் பாக்கலியே."

"பத்தாவதுலயும் பாக்க மாட்டாங்கப்பா."

ஆர்மன் பேப்பரை மடித்தார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஈரப்பனியில் நின்று, மணிக்கட்டை மூக்குக்கு அருகில் பிடித்தபடி, மில் சங்கு எப்போது ஊதுகிறது என்று காத்திருந்தார். பக்கத்து வீட்டு வாசலில், அவரைக் குடிகாரன் என்று சொன்னவரும் அதேபோல நின்றிருந்தார்.